பூட்டியாச்சு

விடிவதற்கு முன்பே, கரி கொண்டுபோகிற பெல்ட்டுக்கு அடியில் இறங்கிவிட வேண்டும். ராத்திரி ஷிஃப்ட் முழுக்கச் சிந்திய கரி அங்கே ஈரத்தோடு குவிந்து கிடக்கும். நிலக்கரி கழுவும் ஆலை என்றால் எல்லாம் பளிச்சென்று இருக்கும் என்று வெளியாள் நினைப்பான். கழுவின அழுக்கு எங்கே போகும், அவன் வீட்டுக்கா போகும்? களிமண்ணும் கரித்தூளும் குழைந்த அந்தச் சேற்றில் மண்வெட்டியை விட்டால் சளக்கென்று உள்ளே போகும். வெளியே வர மனசு வராது. முதுகை நிமிர்த்தவும் முடியாது. நிமிர்ந்தால் தலைக்கு மேலே சுழல்கிற உருளை ஹெல்மெட்டில் கடகடவென்று உரசும். மேல்தளத்துச் சல்லடைகள் ஆடுகிற ஆட்டத்தில் தரை, தூண், வாயிலிருக்கும் பல் எல்லாம் சேர்ந்து ஆடும். அதற்குள் குனிந்து நின்று அன்றைக்கு ஆறு பெண்கள் கரி வாரிக்கொண்டிருந்தார்கள்.

ஆறு பேரில் ஒருத்தி என் மச்சினி. என் மனைவிக்கு ஒரே தங்கை. இரண்டு வருஷம் முன்பு நான்தான் அவளை இங்கே சேர்த்துவிட்டேன். "மெஷினைப் பார்த்தா பயமா இருக்கு மாமா" என்றவளை, "நான் இருக்கேன்ல, என்ன பயம்?" என்று கூட்டிக்கொண்டு வந்தேன்.

"மாமா, கையக் கட்டிக்கிட்டு நிக்கறதுக்கும் ஷிஃப்ட் உண்டா?" என்று கீழேயிருந்து கத்தினாள்.

"வாயை மூடிக்கிட்டு வாரு."

"மூடினா கரியெல்லாம் மூக்கு வழியாத்தான் போகுது. கொஞ்சம் வாய்க்கும் குடுக்கறேன்."

மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்று மாதத்துக்கு முன்புவரை நானும் அந்தச் சேற்றில் நின்றவன்தான். இப்போது வெள்ளை ஹெல்மெட். மஞ்சள் ஹெல்மெட்காரர்கள் குனிவார்கள், வெள்ளைக்காரர்கள் பார்ப்பார்கள். எங்கள் ஆலையில் அவ்வளவுதான் படிநிலை. நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வெள்ளை ஹெல்மெட் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

சுரங்கத்திலிருந்து வருகிற கரி கல்லோடும் மண்ணோடும்தான் வரும். அதை உடைத்து, சலித்து, இரும்புத்தூள் கலந்த கனமான தண்ணீரில் கொட்டினால் கரி மிதக்கும், கல் முங்கும். கேட்க எளிது. ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெல்ட், ஒவ்வொரு பெல்ட்டுக்கும் இரண்டு முனையிலும் வாய். கை கொடுத்தால் கையை வாங்கிக்கொள்ளும். அதனால் ஒரு விதி உண்டு. மெஷினில் கைவைப்பதற்கு முன்னால் சுவிட்ச் அறைக்குப் போய், அந்த பெல்ட்டின் சுவிட்சை இறக்கி, உன் சொந்தப் பூட்டை அதில் மாட்டி, சாவியை உன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். உன் பூட்டு தொங்கும்வரை கடவுளே வந்தாலும் பெல்ட்டை ஓட்ட முடியாது.

சுவிட்ச் அறை மூன்று மாடி ஏறி அந்தப் பக்கம் இருக்கிறது. போய்வரப் பத்து நிமிஷம். பத்து நிமிஷம் பெல்ட் நின்றால் மேனேஜர் அறையிலிருந்து போன் வரும். அதனால் நாளாவட்டத்தில் எங்களுக்கென்று ஒரு பழக்கம் வந்தது. வாக்கி-டாக்கியில் கண்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்வோம். அங்கே உட்கார்ந்திருக்கிறவன் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு, "பூட்டியாச்சு" என்பான். பூட்டும் கிடையாது, சாவியும் கிடையாது. வார்த்தை மட்டும் மிச்சம். நாற்பது பூட்டுகள் ஆபீஸ் வாசலில் சிவப்புப் பலகையில் தொங்கின, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். பார்வையாளர்கள் வந்தால் காட்டுவதற்கு. வருஷக்கணக்கில் அந்த வார்த்தையைக் கேட்டுக்கேட்டு அது பொய் என்பதே எங்களுக்கு மறந்துபோனது.

மூன்று மாதத்துக்கு முன் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கரி வாங்குகிற புதுக் கம்பெனி, தொழிலாளிகள் எல்லோரும் பன்னிரண்டு நாள் முறையான பயிற்சி பெற்றிருந்தால்தான் வாங்குவேன் என்கிறதாம்.

"பதினாறு வருஷ சர்வீஸ் உங்களுக்கு. நீங்கதான் வாத்தியார்" என்று ஒரு வெள்ளை ஹெல்மெட்டை நீட்டினார். அதுவரை என்னை 'ஏய்' என்றும் 'யோவ்' என்றும் கூப்பிட்டவர் அவர். 'நீங்க' என்றதும் எனக்குள்ளே ஏதோ இளகிவிட்டது, கேவலம்.

பன்னிரண்டு நாள் பாடத்தை ஒரே முற்பகலில் முடித்தோம். எல்லோரையும் வீட்டிலிருந்து நாலைந்து சட்டை கொண்டுவரச் சொன்னார்கள். ஒரு சட்டையில் இந்த பெஞ்சில் உட்கார்ந்து ஒரு போட்டோ. சட்டையை மாற்றி அந்த பெஞ்சில் இன்னொரு போட்டோ. பன்னிரண்டு நாளாகிவிட்டது. "இத்தனை சட்டை நான் மாத்தினேன்னா என் பொண்டாட்டியே சந்தேகப்படுவா" என்று மெஷின் பழுதுபார்க்கிற ஃபிட்டர் சொல்ல, வகுப்பே சிரித்தது. பரீட்சைக்கு நான் பலகையில் பதில் எழுதினேன். எழுதத் தெரிந்தவர்கள் பார்த்து எழுதினார்கள், தெரியாதவர்கள் ரேகை வைத்தார்கள். பூட்டுப் பாடம் வந்தபோது டீ வந்துவிட்டது. புத்தகத்தை மூடிவிட்டு, "இது உங்களுக்கே தெரிஞ்சதுதான். காதுல 'பூட்டியாச்சு'ன்னு விழுந்தா தைரியமா கையை வையுங்க" என்றேன். நாற்பத்தெட்டுப் பேரின் தாளிலும் 'பயிற்றுநர்' என்ற இடத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்களுடையது ஏட்டில்கூட ஒழுங்காக வரையாத சுரைக்காய்.

இனி அந்தக் காலை.

ஏழு மணி இருக்கும். ஐந்தாம் பெல்ட்டில் தேய்ந்துபோன உருளையை மாற்ற ஃபிட்டர் போயிருந்தான். நாலாம் பெல்ட்டின் பின்முனையில் மச்சினி நின்றாள். உருளைக்கும் பெல்ட்டுக்கும் நடுவே ஒரு கல் சொருகிக்கொண்டு ரப்பரைக் கிழித்துக்கொண்டிருந்தது. கிழிந்தால் அவர்களைத்தான் திட்டுவார்கள்.

"அண்ணே, நாலை நிறுத்துங்க, கல்லு மாட்டியிருக்கு" என்று அவள் வாக்கி-டாக்கியில் கூப்பிட்டாள்.

கண்ட்ரோல் ரூமில் இருப்பவனை நாங்கள் 'மைக்கு' என்போம். நாள் முழுக்க அவன் குரல்தான் எங்கள் காதில் ஓடும். அதே நேரத்தில் ஃபிட்டரும் அவனைக் கூப்பிட்டிருக்கிறான், ஐந்தை நிறுத்தச் சொல்லி. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் குரல்தான் போய்ச்சேரும். ஃபிட்டருடையது போய்ச்சேர்ந்தது.

அந்த நேரம் பார்த்து நாலாம் பெல்ட் தானாக நின்றது. அது கரி கொட்டுகிற தொட்டி நிரம்பிவிட்டால் பெல்ட் தானாக நிற்கும். தொட்டி காலியானால் தானாக ஓடும். ஒரு நிமிஷமும் ஆகலாம், அரை நிமிஷமும் ஆகலாம்.

மைக்கு ஐந்தை நிறுத்திவிட்டு, "பூட்டியாச்சு" என்றான். எந்த பெல்ட் என்று சொல்லவில்லை. அவன் எப்போதும் சொல்வதில்லை.

அவள் நிறுத்தச் சொன்னாள். பெல்ட் நின்றது. வார்த்தையும் காதில் விழுந்தது. நான் சொல்லிக்கொடுத்தபடியே தைரியமாகக் கையை வைத்தாள்.

நான் இருபதடி தூரத்தில் நின்றேன். பெல்ட் ஓடுகிற சத்தமும் அவள் குரலும் சேர்ந்தே வந்தன. ஓரமாகத் தொங்குகிற அவசரக் கயிற்றை ஓடிப்போய் இழுத்தேன். பெல்ட் நின்றது. அதற்குள் அவள் வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் கம்பெனி கார் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனது. சட்டையெல்லாம் ரத்தமும் கரியும். அந்தக் கோலத்தோடு மேனேஜர் என்னை மெத்தை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"உட்காருங்க. தண்ணி குடிங்க" என்றார். "ரொம்ப வருத்தமான விஷயம். உங்க சொந்தக்காரப் பொண்ணாமே?"

"என் மச்சினி சார்."

"ம்." மேஜையில் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். மச்சினியின் பரீட்சைத் தாள். "பூட்டு சம்பந்தமா அஞ்சு கேள்வி. அஞ்சும் சரியா எழுதியிருக்கா. எல்லாம் தெரிஞ்சும் விதியை மீறி கையை விட்டிருக்கா. அப்படித்தானே?"

"சார், அவ நிறுத்தச் சொல்லிக் கேட்டிருக்கா. பூட்டியாச்சுன்னு…"

"பூட்டினாளா?"

நான் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"சுவிட்ச் அறையில அவ பூட்டு தொங்கிச்சா? இல்ல. விதி தெரியுமா? தெரியும். கீழே யார் கையெழுத்து?"

"என்னோடது."

"அப்ப ரெண்டுல ஒண்ணு. ஒழுங்கா சொல்லிக்குடுத்தும் அவ மீறிட்டா. இல்லாட்டி நீங்க சொல்லிக்குடுக்காமலே கையெழுத்துப் போட்டு கம்பெனியை ஏமாத்தியிருக்கீங்க. ரெண்டாவதுன்னா போலீஸ் கேஸ். உங்களுக்கும் ஒரு பொண்ணு படிச்சிட்டிருக்காளாம்ல?"

டைப் அடித்த இன்னொரு தாள் வந்தது. 'முறையான பயிற்சி பெற்ற பணியாளர் தன் கவனக்குறைவால்' என்று ஆரம்பித்தது. அதில் நான் கையெழுத்துப் போட்டால் அவள் குற்றவாளி. வேலையும் இல்லை, நஷ்ட ஈடும் இல்லை, ஆஸ்பத்திரி வாசலோடு கம்பெனி கையைக் கழுவிவிடும். அது எனக்குத் தெரியும். தெரிந்தே போட்டேன். கையெழுத்துக் கோணலாக வந்தது. அவ்வளவுதான் என்னால் முடிந்த எதிர்ப்பு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்தே, "அங்க என்ன கேட்டாங்க?" என்று கேட்டுவிட்டாள். முதல் தாளையும் சொன்னேன், இரண்டாவது தாளையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"அவளுக்குக் கை போச்சு" என்றாள். "உங்களுக்குத்தான் ரெண்டும் இருக்கே. அதை வெச்சு என்ன பண்ணீங்க?"

அப்புறம் தங்கையின் துணிமணியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். என் மகள் எனக்கு முன்னால் ஒரு டம்ளர் டீயை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள். அந்த டீயைக் குடிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படியே ஆறிப்போனது.

மூன்று நாள் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. கழுவுற மீனில் நழுவுற மீன் என்பார்களே, அது நான்தான். நாலாம் நாள் பகலில் போனேன். மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டாள். மச்சினி தலையணையில் சாய்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கை போர்வைக்கு மேலே கிடந்தது. முழங்கையிலிருந்து பார்வை கீழே இறங்குமுன் நான் கண்ணை எடுத்துக்கொண்டேன்.

"மன்னிச்சுக்குங்க மாமா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ எதுக்கும்மா?"

"வாத்தியார் மச்சினியே விதி தெரியாம கையை விட்டுட்டான்னு உங்களைத்தானே பேசுவாங்க. உங்க மூஞ்சில கரியைப் பூசிட்டேன். நான் சரியாத்தான் கேட்டேன் மாமா. நிறுத்தச் சொன்னேன், நின்னுச்சு, பூட்டியாச்சுன்னாங்க. எங்க தப்புப் பண்ணினேன்னு மூணு நாளா யோசிக்கறேன். என் மண்டைக்கு எட்டல."

மூன்று நாளாக அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டு கிடந்திருக்கிறாள், எனக்காக வெட்கப்பட்டுக்கொண்டு. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பூட்டு என்றால் என்ன, சாவி யார் பையில் இருக்க வேண்டும், தானாக நிற்கிற பெல்ட் தானாக ஓடும் என்பது, டீ வந்ததும் நான் மூடிய பக்கம் எல்லாவற்றையும் சொன்னேன். மேனேஜர் அறையில் போட்ட கையெழுத்தையும் சொன்னேன். ஒரு வாக்கியத்தையும் பூசி மெழுகவில்லை. மெழுக இடமே இல்லை.

அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"நான் தப்புப் பண்ணல" என்றாள் கடைசியில். என்னிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "அதை ஏன் என்கிட்ட வந்து சொல்றீங்க? எனக்குக் கை போனது தெரியும். தெரியாதவங்க அங்க இருக்காங்க. நாளைக்கு அவங்க கையை விடுவாங்க. போய் அவங்ககிட்ட சொல்லுங்க. இப்ப வெளிய போங்க மாமா, உங்களைப் பார்க்க முடியல."

நேராக ஆலைக்குப் போனேன். ஷிஃப்ட் மாறுகிற நேரம். உடை மாற்றுகிற அறையில் இரண்டு ஷிஃப்ட்டும் இருக்கும். வழி நெடுக, 'நாளைக்குச் சொல்லலாமே' என்று ஒரு குரல் கூடவே வந்தது. அறை வாசலில்கூட ஒரு தடவை திரும்பினேன். அப்புறம் உள்ளே போய், பெஞ்சில் ஏறி நின்று, சொன்னேன்.

முடிக்கவில்லை, ஃபிட்டர் என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தான்.

"சொந்த மச்சினிடா! சொந்த மச்சினி கை போய்க் கெடக்கு, அவதான் தப்புன்னு கையெழுத்துப் போட்டியா? சோறுதான் திங்கறியா நீ?"

"அடி" என்றேன். நிஜமாகவே அடிப்பான் என்று விரும்பினேன். அடித்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மைக்கு மூலையில் உட்கார்ந்திருந்தான். விபத்துக்குப் பிறகு யாரோடும் முகம்கொடுத்துப் பேசாதவன். "அவன் சட்டையை விடு" என்றான். "அந்த வார்த்தையைச் சொன்னது நான். அஞ்சுன்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தா… ஒரே ஒரு வார்த்தைடா. வாய் வலிச்சிருக்குமா எனக்கு?" என்று முகத்தைப் பொத்திக்கொண்டான்.

கரி வாருகிற பெண்களில் மூத்தவளைப் பெரியக்கா என்போம். அவள் முன்னால் வந்தாள்.

"ஒவ்வொருத்தர் சட்டையாப் புடிச்சிக்கிட்டே போனா எப்பத்தான் முடியும்? பரீட்சைத் தாள்ல ரேகை வெச்சது யாரு? நானுந்தான். என்ன கேள்வின்னு கூடத் தெரியாது. சர்ட்டிபிகேட் குடுத்தாங்களேன்னு கண்ணாடி போட்டு வீட்டுல மாட்டியிருக்கேன், வர்றவங்க போறவங்க பார்க்கட்டும்னு. வெக்கக்கேடு!"

"நானும் மாட்டியிருக்கேன்" என்றான் ஃபிட்டர் மெதுவாக. என் சட்டையை விட்டுவிட்டான்.

எல்லோருமே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் ஒருவன் மட்டும் கூனிக்குறுகி நிற்பேன் என்று நினைத்து வந்தேன். அத்தனை பேரும் அப்படி நிற்பதைப் பார்க்க எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அடுத்த வாரம் விசாரணைக்கு சர்க்கார் அதிகாரி வர்றாரு" என்றேன். "நான் போட்ட ரெண்டு கையெழுத்தும் பொய்னு அவர்கிட்ட சொல்லப்போறேன்."

"நீ ஒருத்தன் சொன்னா, மச்சினியைக் காப்பாத்தப் பொய் சொல்றான்னு உன்னைத் தூக்கி எறிஞ்சிடுவாங்க" என்றாள் பெரியக்கா. "எல்லாரும் சொல்லணும். எங்களுக்கு ஒண்ணும் சொல்லிக்குடுக்கலன்னு அந்தச் சர்ட்டிபிகேட்டைத் திருப்பிக் குடுத்துடணும்."

"குடுத்துட்டா? பயிற்சி இல்லாதவன்னு வேலையை விட்டுத் தூக்குவான்" என்று ஒருவன் பின்னாலிருந்து கத்தினான். "பிள்ளைகுட்டிக்காரன் நான்."

"நாங்க மட்டும் என்ன, ஒண்டிக்கட்டையா? வெச்சிருந்தா மட்டும் என்ன ஆகும்னு யோசி. நாளைக்கு உன் கை போகும். உன் கையெழுத்தையே உனக்குக் காட்டி, நீதான் குத்தவாளின்னுவான்."

ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. எல்லோரும் ஒரே நாளில் வீரர்களாகிவிடவில்லை. ஏழெட்டுப் பேர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்கள். மிச்சப் பேர் நின்றார்கள்.

விசாரணை பத்தாம் நாள் காலையில், அதே பயிற்சி அறையில் நடந்தது. அதிகாரி தோளில் பையோடு தனியாக வந்திருந்தார். மேனேஜர் அழகாக அடுக்கிய கோப்பைத் திறந்து, பன்னிரண்டு நாள் போட்டோக்களையும் வரிசையாக வைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை அவ்வளவு நேர்த்தியாக நான் பார்த்ததில்லை.

"இந்தக் கையெழுத்து உங்களுதா?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"என்னுதுதான் சார். அதுல இருக்கறது பொய். பன்னெண்டு நாள் இல்ல, ஒரே ஒரு காலைதான். பூட்டுப் பாடம் நான் சொல்லிக்குடுக்கவே இல்ல. ஒரு கையெழுத்து ஆசைப்பட்டுப் போட்டது, இன்னொண்ணு பயந்து போட்டது. தண்டனை எனக்குக் குடுங்க, அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல."

குரல் கிறீச்சென்று வந்தது. வீராவேசமாக ஒன்றும் இல்லை.

"சார், இவர் அந்தப் பொண்ணுக்குச் சொந்தக்காரர்" என்றார் மேனேஜர் சிரித்தபடி. "பாசத்துல பேசறாரு."

கதவு திறந்தது. பெரியக்கா கண்ணாடிச் சட்டத்தோடு வந்து, அதை மேஜையில் வைத்தாள். "நான் சொந்தக்காரி இல்லீங்க" என்றாள். அடுத்து ஃபிட்டர். அடுத்து மைக்கு. ஒவ்வொருவராக வந்து வைத்துக்கொண்டே போனார்கள். நாற்பத்தியொரு சர்ட்டிபிகேட். அன்றைக்கு முணுமுணுத்துக்கொண்டு போனவர்களில் இரண்டு பேருடையதும் அதில் இருந்தது. அதிகாரி வரிசையிலிருந்து இரண்டு போட்டோக்களை எடுத்து உற்றுப் பார்த்தார். "மூணாம் நாளும் ஒம்பதாம் நாளும் பலகையில அதே எழுத்து, அதே இடத்துல இருக்கே" என்றார். எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

மேனேஜருக்கு முகம் சிவந்தது. "சரி! அப்ப இவங்க யாருக்கும் பயிற்சி இல்ல. பயிற்சி இல்லாதவன் உள்ள வேலை செய்யக்கூடாது. அதுதான் சட்டம். அத்தனை பேரும் வெளிய!"

"சரியாச் சொன்னீங்க சார்" என்றான் ஃபிட்டர். "அதனாலதான் எல்லாத்தையும் நிறுத்திட்டு இங்க வந்தோம். இனி யாரும் எதையும் தொடமாட்டோம்."

அப்போதுதான் அதிகாரி நிமிர்ந்தார். மேஜைமேல் இருந்த டம்ளரில் தண்ணீர் அசையாமல் இருந்தது. பதினாறு வருஷத்தில் அந்த அறையின் தரை ஆடாமல் இருந்து நானும் பார்த்ததில்லை.

"எழுதிக்கறேன்" என்றார் அதிகாரி. "மேலிடத்துக்கு அனுப்புவேன். அதுக்கு மேல என்னால இப்ப எதுவும் சொல்ல முடியாது." கோப்பைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் கார் போனதும் என் கையில் தற்காலிக நீக்க உத்தரவு வந்தது. கேட்டை மூடினார்கள். "நாளைக்கே வேற ஆளைக் கொண்டுவந்து ஓட்டறேன்" என்றார் மேனேஜர் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து.

"கொண்டாங்க. அவங்களுக்குப் பன்னெண்டு நாள் ஒழுங்கா சொல்லிக்குடுத்துட்டு உள்ள விடுங்க. அதையும் நாங்க உக்காந்து பார்க்கறோம்" என்றாள் பெரியக்கா.

மறுநாள் காலை கேட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தோம். ஷிஃப்ட்டுக்கு வருகிற நேரத்துக்கே எல்லோரும் வந்துவிட்டார்கள், பழக்கம். ஏழரைக்கு என் மனைவி வந்தாள், தங்கையைத் தாங்கிப் பிடித்தபடி. ஆஸ்பத்திரியிலிருந்து முந்தின நாள்தான் விட்டிருந்தார்கள். பெண்கள் எழுந்து ஓடினார்கள். மைக்கு எழுந்தான், ஆனால் கிட்டே போகக் கால் வரவில்லை. அவளே அவனிடம் போய், "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்டாள்.

என்னிடம் அவள் அப்படியெல்லாம் கேட்கவில்லை. பெரியக்கா பக்கத்தில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றாள்.

"என்னம்மா?"

"அன்னைக்கு மூடின பக்கத்தைச் சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி. எனக்கு இனிமே அதால பிரயோஜனம் இல்ல. இவங்க உள்ள போகப்போறவங்க."

எழுந்து நின்றேன். நாற்பது பேர் என்னைப் பார்த்தார்கள். என் மனைவியும் முகத்துக்கு நேரே பார்த்தாள், பத்து நாளில் முதல் தடவையாக. அந்தப் பார்வையில் மன்னிப்பு ஒன்றும் இல்லை. என்ன செய்யப்போகிறேன் என்ற கேள்விதான் இருந்தது. காது சுட்டது. சுவிட்ச் அறையிலிருந்து ஆரம்பித்தேன். சுவிட்சை இறக்குவது, பூட்டு மாட்டுவது, மாட்டினபிறகும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்து ஓடவில்லை என்று நிச்சயம் செய்வது. ஒவ்வொன்றையும் சொல்லும்போது, இதைச் சொல்ல எனக்கு எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும் என்று மனசு கணக்குப் போட்டது. கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

"இருங்க" என்றாள் மச்சினி. "ஒரு பெல்ட் நின்னுக்கிட்டிருக்கு. அது தானா நின்னதா, யாராவது நிறுத்தினதான்னு கீழ இருக்கறவளுக்கு எப்படித் தெரியும்?"

யோசித்துப் பார்த்தேன். "எனக்குச் சரியாத் தெரியாது" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. மைக்கு முன்னால் வந்தான். "என் திரையில தெரியும். தானா நின்னா மஞ்சள், நான் நிறுத்தினா சிவப்பு. ஆனா கீழ இருக்கறவங்களுக்குத் தெரிய வழியே இல்ல. ஒரு விளக்காவது வைக்கணும்னு கேக்கணும்."

"விளக்கு வெச்சாலும் பூட்டுத்தான் முதல்ல" என்று ஃபிட்டர் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் நாலாம் பெல்ட்டை வரைய ஆரம்பித்தான்.

"மெதுவாப் போடு, எனக்குப் படிக்க வராது. கையால காட்டு" என்று பெரியக்கா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். பின்னாலிருந்தவர்கள் எட்டிப் பார்க்க எழுந்து சுற்றி வந்தார்கள். கேட்டுக்கு முன்னால் இருந்த வழி முழுக்க ஆட்களும் அந்தப் படமும்தான்.

மேனேஜர் கார் வந்து நின்றது. பின்னால் ஒரு வேன், உள்ளே புது முகங்கள். டிரைவர் ஹார்ன் அடித்தான். கண்ணாடியை இறக்கி மேனேஜர் தலையை நீட்டினார். "வழியை விடுங்க!"

"பாடம் நடக்குது சார், கொஞ்சம் இருங்க" என்றாள் மச்சினி, திரும்பாமலே.

வேனிலிருந்து இரண்டு பேர் இறங்கி, என்ன நடக்கிறதென்று பார்க்கக் கிட்டே வந்தார்கள். பெரியக்கா அவர்களுக்கும் உட்கார இடம் ஒதுக்கினாள். ஹார்ன் மறுபடி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. நான் குரலை உயர்த்தி, விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.